பலருக்கும் ஒரே பிரிண்டர்

அலுவலகம் என்று சொல்லப்படும் இடத்தில் பலரும் பொதுவில் வைத்துப் புழங்கும் பொருள்கள் எத்தனையோ உண்டு. குடிநீர்ப் பானை, கோப்பு அடுக்கிய பீரோ, சுவர்க்கடிகாரம் என்று அவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம். ஆயினும், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் அச்சாகி மேலதிகாரியின் கையொப்பத்துக்குப் போகவேண்டிய தருணம் பார்த்து மௌன விரதம் பூண்டுவிடுகிற பிரிண்டரைப்போல, நன்கு கற்றறிந்த மனிதர்களையும் ஒரு கணத்தில் நிராதரவாக்கிவிடும் பொருள் அவற்றுள் வேறொன்றும் இல்லை. தம் கணினியில் அச்சிடும் பொத்தானை ஒருமுறை அழுத்தியவர், காகிதம் வரவில்லை என்று கண்டதும் மறுபடியும் அழுத்துகிறார். பக்கத்து மேஜைக்காரரும் அவ்வாறே செய்கிறார். யாரோ ஒருவர் எழுந்துபோய் யந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே சிக்கிய தாளை உருவி எடுத்து, மூடியை அறைந்து சாத்துகிறார். உடனே, அதுவரை வரிசையில் அடைபட்டுக் கிடந்த அத்தனை பிரதிகளும், தேவையானவையும் தேவையற்றவையுமாக, கட்டுக் கட்டாகத் தாளைத் தீர்த்துவிட்டு வெளியே வந்து விழுகின்றன. இதைக் கண்டு, "இந்த மெஷினே சரியில்லை, புதுசு வாங்கணும்" என்று சொல்வது நம் அலுவலகங்களில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

யந்திரத்தின்மேல் சுமத்தப்படும் இந்தக் குற்றத்தில் பெரும்பகுதி அதற்கு உரியதன்று என்பதே என் அபிப்பிராயம். பத்துப் பேர் பங்கிட்டு உபயோகிக்கும் ஒரு பொருள் இப்பொழுது இயங்குகிறதா நின்றிருக்கிறதா, அதன்முன் எத்தனை வேலைகள் காத்திருக்கின்றன, நின்றுபோனதற்குக் காரணம் யாது என்ற மூன்று செய்திகளும் அந்தப் பத்துப் பேருள் ஒருவருக்கும் தெரியாமல், எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருக்கும் பதினோராவது ஆளின் திரையில் மட்டும் தெரியும்படி அமைந்திருக்கும் நிர்வாகம் பழுதான நிர்வாகம். நிர்வாகத்தைச் செம்மையாக நடத்துவதற்கென்றே ஆக்கப்பட்ட கருவிகளோ, இச்செய்திகளை உரியவர்களுக்கெல்லாம் எட்டச் செய்யும் சக்தியை நெடுங்காலமாகவே பெற்றிருந்தும், பிரிண்டரை ஒருமுறை நிறுவிவிட்டு மூடிவைக்கும் காரியத்துக்கு மட்டுமே நம்மிடத்தில் பயன்பட்டு வருகின்றன.

கருவி என்று நான் இங்கே குறிப்பிடுவது, கட்டளைகளை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்யவேண்டிய அவசியமின்றி, வலையமைப்பில் இணைந்த பிரிண்டர்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் சின்னங்களாகக் காட்டி, அவற்றுள் எதைச் சொடுக்கினாலும் அதன் வரிசையையும் குறைகளையும் அதிகாரப் பங்கீட்டையும் விரித்துரைக்கும் மென்பொருளை. விண்டோஸ் சர்வரில் 2005-ஆம் ஆண்டு முதல் 'பிரிண்ட் மேனேஜ்மென்ட்' என்ற பெயரால் இத்தகைய கருவி ஒன்று இருந்துவருகிறது. லினக்ஸ் கணினிகளில் அச்சுப்பணியை நடத்தும் 'கப்ஸ்' என்ற அமைப்பு, உலாவியைத் திறந்து அதற்குரிய 631 என்ற போர்ட் எண்ணோடு அழைத்தால் தன் நிர்வாகப் பக்கத்தைத் தானே காட்டுகிறது. அதுவும் போதாதென்று, ரெட் ஹாட் நிறுவனத்தில் உருவான தனிக்கருவி ஒன்று பல லினக்ஸ் பதிப்புகளில் உடன் வருகிறது. ஆகவே கருவிக்குப் பஞ்சம் இல்லை.

இந்தப் பங்கீட்டின் பூர்வ கதை சுவாரசியமானது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தாரின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில், 1970-களின் தொடக்கத்தில், கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் பிரதி எடுக்கும் யந்திரம் ஒன்றை லேசர் கதிரால் எழுதும்படி மாற்றி முதல் லேசர் பிரிண்டரை ஆக்கினார். அதே நிலையத்தில் 1973-ஆம் ஆண்டு ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட் என்ற இணைப்பு முறையை வகுத்தபோது, மேஜைதோறும் இருந்த கணினிகளை அந்த ஒற்றை லேசர் பிரிண்டரோடு சேர்த்துவைப்பது அதன் முதற் பிரயோஜனங்களுள் ஒன்றாக இருந்தது. இன்று உலகெங்கும் அலுவலகச் சுவர்களுக்குள் ஓடும் ஈதர்நெட் கம்பி, பலர் ஒரு பிரிண்டரைப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்ற ஆசையோடும் சேர்ந்து பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் அற்ப விஷயமென்று ஒதுக்கும் இந்த யந்திரத்துக்கு வலையமைப்பின் சரித்திரத்தில் எத்தகைய ஸ்தானம் உண்டென்பது விளங்கும். ஆப்பிள் நிறுவனம் 1985-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். முந்திய ஆண்டு வந்த மெக்கின்டாஷ் கணினியின் விலையோ 2,495 டாலர். கணினியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விலையுள்ள பிரிண்டரை ஒருவருக்கு ஒன்றாக வாங்குவது சாத்தியமன்று ஆகையால், அதைப் பலரும் பங்கிடத்தக்க மலிவான கம்பி இணைப்பும், இடப்புறம் பிரிண்டரின் சின்னத்தைச் சொடுக்கினால் வலப்புறம் வலையில் உள்ள பிரிண்டர்களின் பெயர்களை அடுக்கிக் காட்டும் 'சூசர்' என்ற சிறு கருவியும் அதனோடு கைகோத்து வந்தன. எளிமையில் அந்தச் சிறு கருவியை மிஞ்சியவை பிற்காலத்தில் மிகச் சிலவே.

ஆனால் என் வாதத்துக்கு உயிர்நாடியான கதை அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் நிகழ்ந்தது. அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், ஆய்வகத்தின் பழைய பிரிண்டரை நடத்திய நிரலில் இரண்டு சிறிய உதவிகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஒருவருடைய வேலை அச்சாகி முடிந்ததும் அவருடைய திரையில் அச்செய்தி தோன்றும். தாள் சிக்கி யந்திரம் நின்றுவிட்டாலோ, அப்பொழுது வரிசையில் காத்திருப்போர் அனைவருக்கும் ஒரே சமயத்தில் அறிவிப்புப் போகும். பிரிண்டர் ஒரு மாடியிலும் மனிதர்கள் பெரும்பாலும் வேறு மாடியிலும் இருந்தபடியால், இந்த இரண்டு வரிச் செய்தி இல்லையேல், மாடியேறிப் போய்ப் பார்ப்பதும் வெறுங்கையோடு திரும்புவதுமே ஆராய்ச்சியாளர்களின் தினசரி அப்பியாசமாகியிருக்கும். செய்தி போனபின் நடப்பதைக் கவனிக்கவேண்டும்: காத்திருப்போருள் எவருக்கு அவசரம் அதிகமோ அவர் எழுந்துபோய்த் தாளை உருவிவிடுவார், அதன் பலன் எல்லாருக்கும் கிட்டும். தனி ஆள் நியமனம் இல்லை, சுற்றறிக்கை இல்லை, மேற்பார்வை இல்லை. நிலையை அறிந்தவர்கள் தாமாகவே நிர்வாகம் செய்துகொண்டார்கள்.

1980-ஐ ஒட்டி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் பிரிண்டர் வந்து சேர்ந்தது. வேகத்திலும் அழகிலும் அது பழையதை வென்றது. ஆனால் அதை நடத்தும் நிரலின் மூலவடிவம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை, ஆகையால் முன்போல் அறிவிப்பு அனுப்பும் வழியைச் சேர்க்க இயலவில்லை. அந்த நிரலின் பிரதி கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதைக் கேள்வியுற்ற ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக்கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததற்கும், அதிலிருந்து சுதந்திர மென்பொருள் என்ற பேரியக்கம் கிளைத்ததற்கும் பல காரணங்கள் உண்டெனினும், இந்தப் பிரிண்டர் அனுபவத்தை அவரே திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கிறார். நிரலின் உரிமை பற்றிய அவருடைய சித்தாந்தம் முழுவதையும் நாம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் பொதுவில் உள்ள யந்திரம் தன் நிலையைப் பங்காளிகளுக்குச் சொல்லவேண்டும் என்ற அந்த ஆரம்பக் கோரிக்கையில் பிழை காண்பது அரிது.

ஸ்டால்மன் தம் கைப்பட எழுதிச் சேர்த்த அதே உதவி, இன்று விண்டோஸின் பிரிண்ட் மேனேஜ்மென்டில், ஆயத்தமாக இல்லாத பிரிண்டர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டும் வடிகட்டி ஒன்றின் வடிவில் நிறுவும்போதே கிடைக்கிறது. அதையொட்டிப் புதிய வடிகட்டி ஒன்றைப் படைத்து அதில் ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதிவிட்டால், பிரிண்டர் நின்ற மாத்திரத்தில் கடிதம் பறக்கும். இத்தனை சுலபமாக இருந்தும், அந்த முகவரிக் கட்டத்தை நிரப்பிய அலுவலகத்தை வாசகர் எங்கேனும் கண்டதுண்டா?

கருவி இருந்தால் மட்டும் போதாது, அது சாமானியருக்கு விளங்கும்படி பேசவும் வேண்டும் என்பதற்குச் சான்றாக மற்றொரு பிரசித்தமான சம்பவத்தையும் கூறவேண்டும். யூனிக்ஸ் உலகில் பிரிண்டரைப் பங்கிடுவது ஆதியில் 'பிரிண்ட்கேப்' என்ற கோப்பில் இரண்டிரண்டு எழுத்துக் குறிகளையும் முக்காற்புள்ளிகளையும் தொடுத்து எழுதும் வித்தையாக இருந்தது. அதில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பிரிண்டர் அசையாது. இந்தத் துன்பத்தை ஒழிக்க மைக்கேல் ஸ்வீட் என்பவர் எழுதிய கப்ஸ் அமைப்பு 1999-இல் வெளிவந்தது. இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால் (ஐபிபி) என்ற புதிய நெறியை அடிப்படையாகக் கொண்ட அதை ஆப்பிள் நிறுவனமே தன் மேக் கணினிகளுக்கு ஏற்றுக்கொண்டு, 2007-இல் அதன் உரிமையை விலைக்கு வாங்கி, ஸ்வீட்டையும் வேலைக்கு அமர்த்திக்கொண்டது. இவ்வளவு பெருமை வாய்ந்த அமைப்பை, திறமூல மென்பொருளின் தீவிரப் பிரசாரகர்களுள் ஒருவரான எரிக் ரேமண்ட், 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் வீட்டில் உபயோகிக்க முற்பட்டார். அவர் விரும்பியது மிக எளிய காரியம்: மனைவியின் கணினியில் பொருத்தப்பட்டு நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பிரிண்டரில், அதே வீட்டில் அதே வலையில் உள்ள தம் கணினியிலிருந்து அச்சிடவேண்டும்.

திரையில் தோன்றிய கருவி அவரை நோக்கி, இது எந்த வகைப் பிணைய பிரிண்டர் என்று கேட்டு, கப்ஸ், யூனிக்ஸ், விண்டோஸ், நாவெல், ஜெட்டைரக்ட் என்று ஐந்து வழிகளை நீட்டியது. எந்தச் சூழ்நிலையில் எதைத் தேர்வது என்பதற்கு ஒரு வாக்கிய விளக்கமும் இல்லை. வலையில் தானே தேடிப் பார்த்து, இன்ன கணினியில் இன்ன பிரிண்டர் இருக்கிறது என்று எடுத்துக் காட்டவும் அது முன்வரவில்லை. வரிசையின் பெயர் கேட்கப்பட்ட இடத்தில், எங்கும் இல்லாத ஒரு பெயர் உதாரணம்போல் எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவியின் கணினியில் இருந்த அச்சுச் சேவை, நிறுவிய நாள்முதல் தன் கணினியின் குரலைத் தவிர வேறெவர் குரலுக்கும் செவிசாய்க்காதவாறு பூட்டி வைக்கப்பட்டிருந்தது. இந்த உண்மையைக் கருவியின் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. நிரல் எழுதுவதையே வாழ்க்கையாகக் கொண்ட நிபுணர் மணிக்கணக்கில் திண்டாடவேண்டியிருந்தது என்றால், அவர் தம் கட்டுரைகளில் உதாரணமாகக் கற்பித்துக்கொள்ளும் டில்லி அத்தை, கணினி அறியாத அந்த அம்மாள், என்ன செய்வார்? சின்னங்களையும் பொத்தான்களையும் அடுக்கிவிட்டதனாலேயே கருவி எளிதாகிவிடாது என்று ரேமண்ட் தம் கூட்டத்தாரைக் கடிந்து எழுதிய கட்டுரை அக்காலத்தில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

அதற்கு அவ்வாண்டே மறுமொழி எழுதிய ஜான் க்ரூபர் என்ற வலைப்பதிவாளர், எளிமை என்பது வேலை முடிந்தபின் கடைசியில் சேர்க்கத்தக்க அலங்காரம் அன்று, அதுவே மென்பொருள் ஆக்கத்தின் மிகக் கடினமான பகுதி, முதலிலிருந்தே அதற்கென வடிவமைக்கவேண்டும் என்று வாதித்தார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. எனக்கென்னவோ க்ரூபர் பக்கமே தராசு சாய்வதாகத் தோன்றுகிறது. ஐந்து வழிகளையும் எவ்வளவு அழகாக விளக்கி எழுதினாலும், அந்தக் கேள்வியையே மனிதரிடம் கேட்டிருக்கக்கூடாது. கணினிக்குத் தானே கண்டுபிடிக்கத்தக்க விஷயத்தைக் குமாஸ்தாவிடம் விசாரிப்பது மரியாதையும் அன்று, புத்திசாலித்தனமும் அன்று. பின்னர் வந்த கப்ஸ் பதிப்புகளில், 'இந்தக் கணினியின் பிரிண்டர்களைப் பகிர்க' என்ற பொருளில் ஒரே ஒரு கட்டம் நிர்வாகப் பக்கத்தில் இடம்பெற்றது; அதில் ஒரு குறியிட்டால் காரியம் முடிந்தது. (அதற்கு அருகிலேயே, எவரும் எவருடைய வேலையையும் ரத்துச் செய்ய அனுமதிக்கும் கட்டம் ஒன்றும் இருக்கிறது. கோஷ்டிகள் உள்ள அலுவலகங்களில் அதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.)

அதன்பின் காலம் வேகமாக மாறியது. வலையில் உள்ள பொருள்கள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் பான்ஜோர் முறையும், 2010-இல் கைப்பேசியிலிருந்து டிரைவர் என்ற இயக்கு நிரல் எதுவும் நிறுவாமல் அச்சிடவைத்த ஏர்பிரிண்டும், 2013-இல் அதே வசதியை எல்லா நிறுவனத்தாருக்கும் பொதுவாக்கிய ஐபிபி எவ்ரிவேர் நெறியும் வந்தபின், ரேமண்ட் பட்ட துன்பத்தின் பெரும்பகுதி இன்றைய புதிய பிரிண்டர்களில் இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், பிரிண்டர் கம்பெனிகள் தனித்தனியே தரும் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக 2023-இல் அறிவித்துவிட்டது.

எனினும், எல்லார்க்கும் கதவைத் திறந்துவைப்பதில் உள்ள அபாயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஈரானின் யுரேனியச் செறிவூட்டுக் கூடத்தைத் தாக்கியதாக 2010-இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், கணினிக்குக் கணினி தாவுவதற்கு உபயோகித்த வழிகளுள் ஒன்று, விண்டோஸில் அச்சு வேலைகளை வாங்கி வரிசைப்படுத்தும் ஸ்பூலர் என்ற பகுதியில் இருந்த ஓட்டை. அதே ஸ்பூலரில் 2021-இல் வெளிப்பட்ட 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பலவீனம், வலையில் சாதாரண அனுமதி மட்டும் பெற்ற ஒருவர் சர்வரையே கைப்பற்ற இடம்கொடுத்ததால், மைக்ரோசாஃப்ட் ஜூலை மாதத்தில் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆகஸ்டில் வந்த அடுத்த திருத்தமோ, பகிரப்பட்ட பிரிண்டருக்கு டிரைவர் நிறுவும் அதிகாரத்தைச் சாமானிய உபயோகிப்பாளரிடமிருந்து முழுவதுமாக எடுத்து, நிர்வாகியின் கையில் மட்டும் கொடுத்தது. லினக்ஸ் தரப்பிலும் இதற்குக் குறைவில்லை. 2004-இல் எவர் குரலுக்கும் செவிசாய்க்கவில்லை என்று வசை கேட்ட அதே கப்ஸ் குடும்பத்தில், வலையில் உள்ள பிரிண்டர்களைத் தேடித் தரும் துணை நிரல் ஒன்று, யார் குரல் என்று விசாரியாமல் எல்லார் அறிவிப்பையும் நம்பிவிடுகிறது என்பதை 2024 செப்டம்பரில் இத்தாலியரான சிமோனே மார்கரிடெல்லி என்ற ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினார்; பொய்யான பிரிண்டர் ஒன்றை அறிவித்து, அதில் யாரேனும் அச்சிட்ட கணத்தில் அவருடைய கணினியில் அந்நியர் கட்டளை ஓடும்படி செய்ய அது வழிவிட்டது. மிதமிஞ்சிய பூட்டுக்கும் மிதமிஞ்சிய நம்பிக்கைக்கும் இடையே இருபது ஆண்டுகளில் ஊசலாடிவிட்டோம்.

இந்தப் பயமுறுத்தலைக் கேட்ட நிர்வாகிகள் பலர், எல்லா அதிகாரத்தையும் தம்மிடமே வைத்துக்கொள்வதுதான் க்ஷேமம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதைத்தான் நான் மறுக்கிறேன். அறிவதற்கான உரிமை வேறு, மாற்றுவதற்கான அதிகாரம் வேறு. மேற்சொன்ன அபாயங்கள் அனைத்தும் அச்சு வேலையை ஏற்பதிலும் டிரைவரை நிறுவுவதிலும் புதிய பிரிண்டரைச் சேர்ப்பதிலும் வந்தவையே தவிர, வரிசையில் எத்தனை வேலை நிற்கிறது என்று ஒரு குமாஸ்தா பார்ப்பதனால் வந்தவை அல்ல. நம் ஏரிப்பாசனக் கிராமங்களில் மதகைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டி ஒருவருடைய பொறுப்பாக இருந்தது, எல்லாரும் கைவைக்க விட்டிருந்தால் ஏரி ஒரே இரவில் வற்றியிருக்கும். ஆனால் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இன்று யார் வயலுக்கு முறை என்பவை ஊரார் அனைவருக்கும் தெரிந்திருந்தபடியால்தான் நீர்க்கட்டியின் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது.

இவ்வாறு அதிகாரத்தைப் பகுத்தளிக்கும் வசதி கருவியிலேயே இருக்கிறது. விண்டோஸில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் 'செக்யூரிட்டி' என்ற பக்கம் ஒன்று உண்டு. அதில் அச்சிடும் உரிமை, ஆவணங்களை நிர்வகிக்கும் உரிமை, பிரிண்டரையே நிர்வகிக்கும் உரிமை என்று மூன்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. முதற்படி யாவர்க்கும் பொது. தம் சொந்த வேலையை ரத்துச் செய்யும் உரிமையும் அவரவர்க்கு இயல்பாகவே கிடைக்கிறது. மூன்றாம் படியை நிர்வாகி வைத்துக்கொள்ளட்டும். நடுவில் உள்ள இரண்டாம் படிதான் நம் அலுவலகங்களில் நாதியற்றுக் கிடப்பது. பழுதுற்ற ஒரு கோப்பு வரிசையின் தலைமாட்டில் அடைத்துக்கொண்டு பின்னால் உள்ள அத்தனை வேலைகளையும் மறிக்கும்போது, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கவும், அவசர வேலையை முன்னே நகர்த்தவும் இந்த இரண்டாம் படி உரிமை போதும். டிரைவரையோ அமைப்பையோ தொடும் வல்லமை இதற்கு இல்லை ஆகையால் பாதுகாப்புக்கும் பங்கமில்லை. பிரிவுக்கு ஒருவராக, நிதானமான சுபாவமுள்ள ஓர் எழுத்தரைத் தேர்ந்து இதை ஒப்படைத்துவிட்டால், 'சிஸ்டம் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார்' என்ற காரணத்தால் முப்பது பேர் காத்திருக்கும் நிலை பெரும்பாலும் ஒழியும். லினக்ஸில் இத்தகைய நுணுக்கமான பங்கீட்டைச் செய்ய இன்றும் அமைப்புக் கோப்பைத் திறந்து கையால் எழுதவேண்டியிருப்பது ஒரு குறைதான்; சித்திரக் கருவியை ஆக்குவோர் இன்னும் அவ்வளவு தூரம் வந்து சேரவில்லை.

வரிசையை எல்லாரும் பார்க்கலாம் என்றால், இன்னார் இன்ன தலைப்பிட்ட ஆவணத்தை அச்சிடுகிறார் என்ற ரகசியமும் வெளிப்பட்டுவிடுமே என்று ஓர் ஆட்சேபம் எழக்கூடும். மெமோ, இடமாற்றல் உத்தரவு, வினாத்தாள் முதலியவற்றின் தலைப்பே பெரிய செய்தியாகிவிடும் இடங்கள் உண்டு ஆதலால் இது நியாயமான ஆட்சேபம். கப்ஸ் இதற்கு அழகானதொரு சமாதானம் கண்டிருக்கிறது: வேலையின் எண்ணும் அளவும் எல்லாருக்கும் தெரியும், தலைப்பும் அனுப்பியவர் பெயரும், உரியவருக்கும் நிர்வாகிக்கும் தவிரப் பிறருக்குக் காட்டப்படுவதில்லை. காத்திருப்பவருக்கு வேண்டியது எண்ணிக்கையே அல்லாமல் தலைப்பு அன்று. ரகசியத்தில் மெய்யான அக்கறை உள்ளவர்கள், யந்திரத்தின் அருகே போய் எண்ணை அழுத்திய பிறகே தாள் வெளிவரும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளட்டும். தட்டில் அநாதையாகக் கிடக்கும் தாள்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள் வரிசையைப் பார்ப்பவர்களைவிட எப்பொழுதும் அதிகம்.

பிரிண்டர்களின் பெயர் விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அச்சிடும் பொத்தானை அழுத்தியவுடன் விரியும் பட்டியலில், உற்பத்தியாளர் இட்ட மாடல் எண்களும், அதே எண்ணின் பின்னால் 'காப்பி 1' என்று ஒட்டிக்கொண்ட வாலுமாக எட்டுப் பெயர்கள் நின்றால், தம் காகிதம் எந்த மாடியில் எந்த மூலையில் போய் விழும் என்பதை எவர் ஊகிக்கமுடியும்? ஒவ்வொரு பிரிண்டருக்கும் இருப்பிடம் என்று ஒரு கட்டமும், குறிப்பு என்று ஒரு கட்டமும் எல்லாக் கருவிகளிலும் உண்டு. அவை பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகின்றன. அவற்றில் தமிழில் எழுதுவதற்கும் தடை ஏதும் இல்லை. கப்ஸில், இடைவெளி, சாய்கோடு, எண்குறி ஆகிய மூன்றைத் தவிர வேறெந்த எழுத்தும் பெயரிலேயே இடம்பெறலாம். வர்ணனைக்கும் இருப்பிடத்துக்கும் அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. 'இரண்டாம் மாடி, கணக்குப் பிரிவு, ஜன்னலோரம், இருபுறமும் அச்சிடும்' என்று நான்கு சொல் எழுதிவைத்தால், தவறான மாடியில் விழுந்த மருத்துவச் சான்றிதழைத் தேடி அலையும் வேலை மிச்சமாகும். தாளின் இருபுறமும் அச்சிடுவதையே இயல்பான வழக்கமாக அமைத்துவிடவும் அதே இடத்தில் முடியும். ஆளுக்கு ஆள் உபதேசம் செய்து தாளை மிச்சம் பிடிப்பதைவிட, இது சர்வரில் ஒரே தடவை செய்துவிடத்தக்க காரியம்.

காகிதமற்ற அலுவலகம் வந்துகொண்டிருக்கும்போது பிரிண்டருக்கு இத்தனை விசாரம் எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அலுவலகம் வரட்டும், மிகுந்த சந்தோஷம். அதுவரை பத்திரப் பதிவுக்கும் வழக்குமன்றத்துக்கும் தேர்வு அறைக்கும் தாள் வேண்டியிருக்கிறது, அந்தத் தாளுக்காக ஜனங்கள் கௌண்டரின்முன் நிற்கிறார்கள்.

ஆகையால், பழைய பிரிண்டரைக் கழித்துப் புதியது வாங்க அனுமதி கோரும் கோப்பில் கையொப்பமிடப்போகும் அதிகாரிகளை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பேனாவை எடுக்குமுன் தங்கள் கணினி நிர்வாகியை அழைத்து, நின்றுபோன பிரிண்டர் பற்றிய அறிவிப்பு யாருக்குப் போகிறது, ஆவணங்களை நிர்வகிக்கும் உரிமை எந்தப் பிரிவில் யாரிடம் இருக்கிறது, இருப்பிடம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற மூன்றையும் திரையிலேயே காட்டும்படி சொல்லுங்கள். மூன்றும் வெறுமையாக இருந்தால், அவற்றை நிரப்பும்வரை கோப்பை நிறுத்தி வையுங்கள். நிரப்புவதற்கு டெண்டர் வேண்டியதில்லை, ஒரு பிற்பகல் போதும்.